மழைக்கோட்டுக்காரன் சொன்னது

ஜன்னல் பக்கம் நீங்களே இருந்துக்கோங்க அண்ணாச்சி. அந்த முருங்கைக்காய்க் கட்டை என் காலுக்குக் கீழே தள்ளிவிடுங்க, எனக்கு ஒன்றும் இடைஞ்சல் இல்லை. இந்த ஓரத்தில் இருந்தால்தான் அந்த ஆளை என்னால் பார்க்க முடியும். அதோ, டிரைவருக்குப் பின்னால், வெள்ளைச் சட்டை, பிடரியில் முடி வெட்டாமல் காடாகக் கிடக்கிறதே, அவர்தான். என் மாமா. ஆவுடையப்பன் என்று பேர். எங்க அப்பா கூடப் பிறந்த அத்தையைக் கட்டினவர். பக்கத்தில் உட்காரப் போனேன். "பின்னால போய் இருல" என்று சொல்லிவிட்டார். அதனால்தான் உங்க பக்கத்தில்.

பஸ் நாங்குநேரி போய்ச் சேருவதற்குள் நான் அவரிடம் ஒரு சங்கதி சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவர் நேரே போலீஸ் ஸ்டேஷனில் இறங்கி ஒரு பையன் மேல் எழுதிக் கொடுத்துவிடுவார். சொன்னால் என்ன ஆகும்? அது எனக்குத் தெரியவில்லை. முன்பின் தெரியாத ஆள் ஒருத்தரிடம் முதலில் சொல்லிப் பார்ப்போம் என்று நினைக்கிறேன். தூங்கிவிடாதீங்க.

நான் பேச்சிமுத்து. ப்ளஸ் டூ. "பேச்சின்னு பேர வச்சிட்டு பேசாதன்னா எப்படி சார்?" என்று கேட்டே பாதி நாள் வகுப்புக்கு வெளியே நிற்கிற ஆள். எனக்கு எல்லார் குரலும் வரும் அண்ணாச்சி. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். இந்தக் கண்டக்டரை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன், இல்லையா? கேளுங்க. "ஏம்மா, நூறு ரூவாய நீட்டுத, நான் என்ன பேங்க்கா நடத்துதேன்? எறங்கும்போது வாங்கு!" ஐயோ, திரும்பிப் பார்க்கிறார். நீங்க வெளியே பாருங்க, வெளியே பாருங்க.

எங்க தமிழ் ஐயா குரலில் ஹெட்மாஸ்டருக்குப் போன் போட்டு, "வானம் கருக்கிறதே ஐயா, பிள்ளைகள் நனையுமே ஐயா" என்று உருகினேன். மனுசன் பெல்லடிக்கச் சொல்லிவிட்டார். வெயிலில் வீட்டுக்குப் போனோம். உவரி மீன் ஏலக்காரர் குரல், பி.டி. சார் குரல், எங்க தெரு ரேஷன் கடைக்காரர் குரல், எல்லாம் வரும். எங்க குடும்பத்தில் யாராவது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் என்னைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்கள். "பேச்சியைக் கூட்டியா, சிரிக்க வைப்பான்." கல்யாண வீட்டுக்கும் நான்தான், கோபித்துக்கொண்டு போன சித்தியை அழைத்து வரவும் நான்தான்.

அப்படித்தான் அத்தை என்னை மாமாவிடம் அனுப்பினாள்.

அத்தைக்கு ஒரே மகன். இசக்கிராஜா. எனக்கு அத்தான். ராசா அத்தான் என்று கூப்பிடுவேன். பாலிடெக்னிக் முடிக்கிற வருசம். ஒரு நாள் சாயங்காலம், இருட்டுகிற நேரத்தில், கூட்டாளி ரூபன் பைக்கை ஓட்ட, அத்தான் பின்னால் உட்கார்ந்து வந்தார். ரோட்டோரம் விளக்குப் போடாமல் ஒரு லாரி நின்றிருந்தது. அதன் பின்னால் போய் ஏறிவிட்டார்கள். அத்தான் அங்கேயே... ஆமா. ரூபனுக்குத் தாடை உடைந்துவிட்டது, வலது கையும் முறிந்துவிட்டது. உயிர் இருக்கிறது.

ரூபனுக்கு அப்பா கிடையாது. அவன் அம்மாவும் தாய்மாமனும் பெரிய வேன் பிடித்து, துக்கம் விசாரிக்க, துஷ்டி கேட்க வந்தார்கள். எங்க பக்கம் உங்களுக்குத் தெரியுமே, துஷ்டி கேட்டு வருகிறவன் பகையாளியே ஆனாலும் உள்ளே விட்டுவிடணும். அத்தை கதவைச் சாத்திவிட்டாள். அந்த அம்மா தெருவில் நின்று மாரில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டு அப்படியே போனாள். மாமா அப்போது பிரமை பிடித்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கதவைத் திற என்றும் சொல்லவில்லை, சாத்து என்றும் சொல்லவில்லை.

அப்புறம் ஏட்டு ஒருத்தர் வந்தார். லாரிக்காரன் மேல் கேஸ் போட்டாயிற்று, பைக் ஓட்டின பையன் மேலும் போடணுமா என்பது நீங்க சொல்வதைப் பொறுத்து, யோசித்துச் சொல்லுங்க என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனார். ரூபன் கப்பலில் சமையல் வேலைக்குப் படித்தவன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறான். கேஸ் விழுந்தால் பாஸ்போர்ட் ஏது, கப்பல் ஏது? மாமா அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

மாமா ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் வேனை எடுக்கவில்லை. மாடியில் அத்தான் அறையில் போய் உட்கார்ந்துகொண்டார். கீழே வருவதில்லை, சோறு தண்ணி சரியாக இல்லை. "நீ போனா சிரிப்பாருல, ஒரு தடவை போய்ப் பாரு" என்றாள் அத்தை.

போனேன். டி.வி. ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தானுடைய கேம். அத்தான் கடைசியாக விட்ட இடத்திலேயே நிற்கிறது. மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு தாடிக்கார வெள்ளைக்காரன், கொட்டுகிற மழையில், ஒரு மண்மேட்டுக்கு முன்னால் நிற்கிறான். அது அவன் மகனைப் புதைத்த இடம். மாமா தரையில் சம்மணம் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இவன் ஏம்ல இங்கேயே நிக்கான்?"

"கையில இருக்க ரிமோட்ட அமுக்கலைன்னா நிக்கத்தான் செய்வான் மாமா."

"இல்லல. கொஞ்ச நேரத்துல குத்தவைப்பான் பாரு. மண்ணத் தொடுவான். அப்புறம் எந்திரிச்சு முகத்தத் தொடைப்பான். காலையில இருந்து பாக்கேன், அந்த எடத்த விட்டுப் போக மனசு வரல அவனுக்கு."

அண்ணாச்சி, நீங்க கேம் விளையாடுகிற ஆள் இல்லை, அதனால் சொல்கிறேன். நாம் ஒன்றும் அமுக்காமல் விட்டால் சும்மா பொம்மை மாதிரி நிற்கக் கூடாது என்று கம்பெனிக்காரன் அப்படிச் செய்து வைத்திருப்பான். குத்தவைக்கிறது, மண்ணைத் தொடுகிறது, முகத்தைத் துடைக்கிறது, மறுபடி முதலில் இருந்து. அது ஒரு சுற்று. ரங்கராட்டினம் மாதிரி. அதை மாமாவிடம் எப்படிச் சொல்ல? நான் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். ரெண்டு பேரும் பார்த்தோம். அவன் முகத்தைத் துடைத்தபோது மாமாவும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இப்படியே விட்டால் இந்த மனுசன் இந்த மழைக்குள்ளேயே இருந்துவிடுவார் என்று, ரிமோட்டை வாங்கி அவனை நகர்த்தினேன். உடனே அவன் இங்கிலீஷில் என்னவோ முனகினான்.

"என்ன சொல்லுதான்?"

மாமாவுக்கு இங்கிலீஷ் சுத்தமாக வராது. எனக்கும் பரீட்சை இங்கிலீஷ் வராது, ஆனால் கேம் இங்கிலீஷ் வரும். 'நானும் உன்கூட வந்திருக்கணும்' என்றுதான் அவன் சொன்னான். நான் சிரிக்க வைக்க வந்தவன் இல்லையா? ஏலக்காரர் குரலை எடுத்து, "ஏலேய்ய்! மழ பெய்யுதுன்னு தெரிஞ்சும் ஒரு கொடை கொண்டாராம வந்துட்டேனே, ஏலேய்ய்!" என்றேன். நல்லா வந்தது. வேறு யாராக இருந்தாலும் விழுந்து புரண்டிருப்பார்கள்.

மாமா சிரிக்கவில்லை. டி.வி.யையே பார்த்தார். "பிள்ள நனையுதான்னு நெனைக்கான்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் எங்க ஊரில் நல்ல மழை. மாமாவைக் காணோம். தேடிப் போனால், கல்யாணம் ஆகாத பிள்ளை என்று அத்தானைப் புதைத்துத்தான் இருக்கிறது, அந்த மேட்டின் மேல் ஸ்கூல் வேனுக்குப் போடுகிற தார்ப்பாயை விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்துக்கொண்டிருக்கிறார். நனைந்து தொப்பல். நான் சும்மா ஏலக்காரர் குரலில் அடித்து விட்டது அண்ணாச்சி! 

சரி, இனிமேல் விளையாட்டு வேண்டாம், உள்ளது உள்ளபடி சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தேன். நான் விளையாடுவேன், மாமா பார்ப்பார். மழைக்கோட்டுக்காரன் மலையில் ஏறுவான், இறங்குவான், அங்கங்கே தீ மூட்டி உட்கார்ந்து தனக்குத் தானே பேசுவான். மாமா கேட்பார், நான் சொல்வேன். மகனைக் கொன்றவன் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு குடிசையில் ஒளிந்திருக்கிறான், இவன் அவனைத் தேடிப் போகிறான், அதுதான் கதை. ஒரு தீயடியில் உட்கார்ந்து அவன் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னேன்: "எம்மவன் போன வழியிலயே அவனையும் அனுப்பினாத்தான் எனக்குத் தூக்கம் வரும்னு சொல்லுதான் மாமா."

மாமா எழுந்து கீழே போனார். அத்தையிடம் சோறு கேட்டார். வட்டில் நிறையப் போட்டுச் சாப்பிட்டார். மறுசோறும் வாங்கினார். அத்தைக்குச் சந்தோசம், என்னைப் பார்த்து, நல்லாயிருப்பே என்கிற மாதிரி தலையை ஆட்டினாள். மாமா கையைக் கழுவிக்கொண்டே, சாதாரணமாக, நாளைக்கு என்ன கிழமை என்று கேட்கிற மாதிரி கேட்டார்: "அந்த ரூபன் வீடு உவரியில எந்தத் தெருவு?"

வட்டிலைத் தூக்கிக்கொண்டு நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

இப்போது நீங்களே சொல்லுங்க, உள்ளதைச் சொன்னால் இப்படி, இல்லாததைச் சொன்னால் தார்ப்பாய். நான் என்னதான் செய்ய? மறுநாள் மாடிக்குப் போனதும் முதல் வேலையாக, "மாமா, நேத்து நான் தப்பாச் சொல்லிட்டேன். இங்கிலீஷ்ல அதுக்கு அர்த்தம் வேற" என்றேன்.

"வேறன்னா?"

"அவன அனுப்புததுக்குப் போவல மாமா. பையன் உயிர் போவும்போது கூட இருந்தது அந்த ஆளு மட்டுந்தான். கடைசியா எம்புள்ள என்ன சொன்னான்னு அவன்ட்ட கேக்கணும். கேட்டுட்டேன்னா போதும், தூங்கிருவேன். அப்படின்னு சொல்லுதான்."

எப்படி என் மூளை? ஒரு நொடியில் தோன்றியது. மாமா துண்டை மடித்துத் தோளில் போட்டார். அப்புறம், "ஆமா. எனக்கும் அதான்" என்றார்.

அதிலிருந்து ரொம்ப ஒழுங்காகப் போயிற்று அண்ணாச்சி. எந்தக் குரலும் எடுக்காமல், என் சொந்தக் குரலிலேயே, மெள்ளமாகச் சொல்வேன். அவன் தீயடியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு, உன்னைக் கிழிக்கிறேன் பார், புதைக்கிறேன் பார் என்று சொல்வான். நான் இங்கே, "ஒரு வார்த்தைதான், ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டுத் திரும்பிருவேன்" என்பேன். நடுவில் அவன் எதிராளிகளை வரிசையாகச் சுடுவான். மாமா நெற்றியைச் சுருக்குவார். "கேக்கத்தான போறான்? அதுக்கு எதுக்கு இத்தன பேரச் சுடுதான்?"

"வழி விட மாட்டேங்கானுவ மாமா."

"ஓ. துஷ்டிக்குப் போறவனுக்கு வழி விடாண்டாமா?" என்று அந்தச் செத்துக் கிடக்கிறவர்களைத் திட்டுவார்.

மாமா குளிக்க ஆரம்பித்தார். கீழே வந்து சாப்பிட்டார். ஒரு நாள் வேனைத் துடைத்து வைத்தார். பேச்சி என்ன மாயம் செய்தானோ என்று அத்தை தெருவெல்லாம் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கேம் முடிகிறபோது மாமாவும் சரியாகிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. நான் பேச்சைத்தான் மாற்றலாம், அவன் செய்கிறதை மாற்ற முடியாது.

இன்றைக்குக் காலையில் மழைக்கோட்டுக்காரன் அந்தக் குடிசைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். கதவை உதைத்துத் திறந்தான். உள்ளே அந்த ஆள் மூலையில் ஒடுங்கிக்கொண்டு அழுகிறான். மாமா முட்டி போட்டு டி.வி.க்குப் பக்கத்தில் நகர்ந்து போய்விட்டார். தன் மகனே பேசப்போகிற மாதிரி. திரையில் ரெண்டு கட்டம் வந்தது. ஒன்றை அமுக்கினால் கொல்வான், ஒன்றை அமுக்கினால் விட்டுவிட்டுப் போவான்.

"என்ன எழுதியிருக்கு?"

சொன்னேன்.

"கேக்குதது எங்க?"

"அது இல்ல மாமா. ரெண்டுதான்."

"ஏல, இத்தன மல ஏறி எறங்கி வந்தது கேக்கத்தானல? நல்லாப் பாரு, எங்கயாது இருக்கும்."

நானும் தேடுகிற மாதிரி தேடினேன். அந்தக் கட்டத்துக்கு நேரம் உண்டு அண்ணாச்சி. நாம் எதையும் தொடாமல் இருந்தால் அதுவாக ஒன்றை எடுத்துக்கொள்ளும். நான் சட்டென்று, விட்டுவிடுகிற கட்டத்தை அமுக்கியிருக்கலாம். கை வரவில்லை. மாமா என் தோளைப் பிடித்து, "கேக்கச் சொல்லுல, கேக்கச் சொல்லு" என்று உலுக்குகிறார். நேரம் முடிந்தது. மழைக்கோட்டுக்காரன் சுட்டுவிட்டான்.

மாமா அப்படியே இருந்தார். பாட்டு வந்தது, எழுத்து ஓடியது, கம்பெனிக்காரர்கள் பேரெல்லாம் மேலே போயிற்று. "கேக்காமக் கொன்னுட்டானே" என்றார். கோபமாகக்கூட இல்லை. "இனி யார்ட்ட கேப்பான்?"

அப்புறம் எழுந்து சட்டையை மாட்டினார். "ஏல பேச்சி, கெளம்பு. நாம போய் ஒழுங்காக் கேப்போம்."

அத்தையிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறினோம். என்னை எதற்குக் கூட்டிப் போகிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. ரூபன் என்ன இங்கிலீஷா பேசப்போகிறான்?

உவரியில், கோயில் தெருவில், ரூபன் அம்மா கதவைத் திறந்தாள். மாமாவைப் பார்த்ததும் ஒரு எட்டுப் பின்னால் போனாள். எங்க வீட்டு வாசலில் அவளுக்கு நடந்தது அவளுக்கு மறந்திருக்காது. ஆனாலும் "உள்ள வாங்க" என்று முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். காப்பி போடுகிறேன் என்று அடுக்களைக்குள் ஓடிப்போனாள். அங்கே அழுதாளோ என்னவோ, வெகுநேரம் வரவில்லை.

ரூபன் கட்டிலில் சாய்ந்திருந்தான். ஆள் பாதியாகிவிட்டான். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது. வாய் திறக்காது. ஸ்ட்ராவில்தான் கஞ்சி. வலது கையில் மாவுக்கட்டு, எழுதிக் காட்டவும் வழியில்லை. மாமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அடிக்கப் போகிறார் என்று நான் பக்கத்திலேயே நின்றேன். அவர் போர்வையை இழுத்து அவன் காலை மூடினார்.

"ஒன்ன ஒண்ணும் சொல்ல வரல ஐயா. ஒண்ணே ஒண்ணு. கடைசியா எம்புள்ள என்ன சொன்னான்?"

ரூபனுக்குக் கண்ணில் இருந்து கொட்டுகிறது. பல்லைக் கடித்தபடியே பேசினான். மூக்காலும் தொண்டையாலும் வருகிறது, கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னல சொல்லுதான்?"

எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கிவிட்டது அண்ணாச்சி. என் காது அப்படி. விளங்காமல் போயிருக்கலாம்.

ரூபன் சொன்னது இதுதான். வருகிற வழியெல்லாம் அத்தான் பின்னால் உட்கார்ந்து மாமா மாதிரியே பேசிக் காட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மாமா வேனில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது, முந்திப் போகிற பைக்குக்காரனை எல்லாம் திட்டுவார்: "மெதுவா போல மூதி! மெதுவா போனா ரோடு என்ன ஓடியா போயிரும்?" அதை அத்தான் மீசையைத் தள்ளிக்கொண்டு, அதே தொண்டையில் சொல்லியிருக்கிறார். ரெண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. இன்னொரு தடவை சொல்லு என்று ரூபன் கேட்டிருக்கிறான். அத்தான் சொன்னார். ரூபன் சிரித்துக்கொண்டே ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான்.

மாமா குரல் ரொம்பக் கஷ்டம், தெரியுமா? அடித்தொண்டையில் பிடித்து நுனியில் விடணும். அத்தானுக்கு வரவே வராது. நான்தான் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன், மீசைக்குப் பக்கத்தில் உதட்டை எப்படிக் கோணணும் என்பது உட்பட. அதை விடுங்க, அது வேற கதை.

மாமா என் முகத்தையே பார்க்கிறார். உம்மைக் கேலி பண்ணிச் சிரித்துக்கொண்டே உம்ம பிள்ளை செத்தான் என்று, அதுவும் அவர் குரலையே எடுத்து அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்ல? உங்களால் முடியுமா? நான் குரலை விட்டுவிட்டு, சொல்லை மட்டும் சொன்னேன். "'மெதுவா போ'ன்னு சொன்னாராம் மாமா."

பொய்யா அது? பொய் இல்லையே. ஒரு சொல் நான் கூட்டவில்லை.

ரூபன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறான். தொண்டை நரம்பு புடைக்க, "சிரிச்சோம், சிரிச்சோம்" என்கிறான். மாமா, "இப்ப என்ன சொல்லுதான்?" என்றார். என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "தண்ணி கேக்கான் மாமா." மாமாவே டம்ளரை எடுத்து, ஸ்ட்ராவை அவன் உதட்டில் வைத்தார். அவன் குடிக்கவில்லை. என்னையே பார்த்தான். அந்தப் பார்வையை எந்தக் குரலில் சொல்ல?

அந்த அம்மா காப்பியோடு வந்தபோது மாமா எழுந்துவிட்டார். "எம்புள்ள மெதுவாப் போன்னு சொல்லியிருக்கான்மா. இவன் கேக்கல" என்றார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வெளியே நடந்தார். பஸ்ஸில் ஏறும்போது சொன்னார், ஸ்டேஷனில் இறங்கி எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவோம் என்று.

இட்டமொழி தாண்டிவிட்டதா? தாண்டிவிட்டது. நான் என்ன செய்யணும் அண்ணாச்சி? நீங்க ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறீங்க. நல்லதுக்குத்தானே மாற்றிச் சொன்னேன்? எல்லாம் நல்லதுக்குத்தான். ஒவ்வொரு தடவையும் நல்லதுக்குத்தான்.

இருங்க. மாமா எழுந்திருக்கிறார். இங்கேதான் வருகிறார். நீங்க கேட்டதாகக் காட்டிக்கொள்ளாதீங்க.

என்ன மாமா? ஸ்டேஷன் இன்னும் வரல. இங்க இருங்க, அண்ணாச்சி நகந்துக்கிடுவாரு. இந்த முருங்கைக்காக் கட்ட நான் மடியில வச்சுக்கிடுதேன்.

இல்ல மாமா, சும்மா பேசிக்கிட்டு வந்தேன்.

அத்தான் எப்படிச் சொன்னாருன்னா? அதான் சொன்னேன்லா, 'மெதுவா போ'ன்னு.

பயந்தா? பயந்து போயாச் சொன்னாருன்னு கேக்கியளா?

இல்ல மாமா. கெஞ்சலாம் இல்ல. அப்படி நெனைக்காதீங்க மாமா. இவ்வளவு நேரமும் அங்க உக்காந்து அதையா நெனச்சுக்கிட்டு வந்தீங்க? அத்தான் பயந்து நடுங்கிச் சொன்னாருன்னா?

மாமா. நான் ஒண்ணு சொல்லுதேன். அடிச்சாலும் பரவால்ல. அத்தான் பயப்படல. சிரிச்சுக்கிட்டு இருந்தாரு. ரெண்டு பேரும். ரூபன் அதத்தான் சொன்னான். தண்ணி கேக்கல மாமா அவன். சிரிச்சோம்னு சொன்னான்.

உங்களப் பாத்துத்தான். உங்க குரல்லதான் மாமா அதச் சொல்லியிருக்காரு. திட்டுவீங்கள்லா, வேன்ல. பேசிக் காட்டவா? அத எப்படி நான்... சரி. சரி, சொல்லுதேன். மீசைய இப்படித் தள்ளிக்கிட்டு. 'மெதுவா போல மூதி! மெதுவா போனா ரோடு என்ன ஓடியா போயிரும்?'

மாமா.

என்ன மாமா?

அண்ணாச்சி, துண்ட வச்சு மூஞ்ச மூடிக்கிட்டாரு. தோள் குலுங்குது. சத்தமே வரல. நீங்க அந்தப் பக்கந்தான இருக்கீங்க, குனிஞ்சு பாருங்க. அழுவுதாரா, சிரிக்காரா? எனக்குத் தெரியல அண்ணாச்சி. நெசமாத் தெரியல.

கண்டக்டர் கேக்காரு மாமா, ஸ்டேஷன்ல எறங்கணுமான்னு. மாமா? கை வலிக்கு மாமா, இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீங்க. இல்ல, பிடிச்சுக்கோங்க. பரவால்ல.

அண்ணே, நாங்க இங்க எறங்கல. விசில் ஊதுங்க, போவட்டும்.

இல்லண்ணே. அவரு ஒண்ணும் சொல்லல. நான்தான் சொல்லுதேன்.